விழுவதற்கு ஒரு மாடி

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார், டாக்டர்."

மருத்துவர் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் செருகிவிட்டு, கட்டிலில் கிடந்த டைல்ஸ்காரரைப் பார்த்தார். பிறகு அவரைக் கொண்டுவந்து சேர்த்த மேற்பார்வையாளரைப் பார்த்தார்.

"எந்த பாத்ரூம்?"

"அவர் வீட்டு பாத்ரூம்தான்."

"என்ன, கிணத்துக்குள்ள கட்டியிருக்காங்களா? ரெண்டு குதிகாலும் நொறுங்கிப் போயிருக்கு. வழுக்கி விழுந்தா கை ஒடியும், இடுப்பு ஒடியும். குதிகால் எப்படி ஒடியும்?"

"பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டேன், டாக்டர். கட்டில்லேருந்து விழுந்துட்டார்."

"கட்டில்லேருந்து?"

"கொஞ்சம் உயரமான கட்டில்."

ஊசியோடு நின்ற நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மருத்துவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"இங்க பாருங்க. இது மேலேருந்து கீழ வந்து நின்னு வாங்கின அடி. குறைஞ்சது ஒரு மாடி உயரம் இருக்கணும். தெரிஞ்சா சொல்லுங்க, தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. என்கிட்ட கதை விடாதீங்க."

"மாடிதான் டாக்டர்" என்றார் மேற்பார்வையாளர். வாய் அவரைக் கேட்காமலே பேசிக்கொண்டிருந்தது. "அவர் வீட்டு மாடி. இன்னிக்கு லீவு போட்டுட்டு வீட்ல இருந்தார். வெளிய சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டுதான்..."

மருத்துவர் 'வீட்டு மாடியிலிருந்து' என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

டைல்ஸ்காரர் மருந்து மயக்கத்தில் கண்ணைத் திறந்தார். "சார், எங்க வீட்ல மாடி ஏது?"

"நீ பேசாம படுப்பா. சமாளிச்சுடலாம்."

இந்த ஒரே வார்த்தையால்தான் மேற்பார்வையாளருக்கு 'சமாளி' என்று பெயர் வந்தது. கம்பெனியில் முதலாளி முதல் மண் சலிக்கிற சித்தாள் வரை முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்வார்கள். சிமெண்ட் வரவில்லையா, சமாளிச்சுடலாம். சுவர் கோணலா, பூச்சில் சமாளிச்சுடலாம். வீட்டுக்காரர் கத்துகிறாரா, காபி கொடுத்துச் சமாளிச்சுடலாம். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கெட்டது நடக்கும்போது எப்போதும் பக்கத்தில் நிற்கிற மனிதர், அவ்வளவுதான்.

அன்றைக்கு நடந்ததும் ஒரு சமாளிப்புதான்.

முதலாளியின் கம்பெனி சின்னது. ஒரே நேரத்தில் இரண்டு வீடு கட்டும். இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத் தடுப்புக் கம்பி ஒரே செட். மாடி ஓரத்தில் ஆள் விழாமலிருக்க நடுகிற கம்பி என்று ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கம்பெனியில் அதற்கு வேறு உத்தியோகம். எந்த வீட்டுக்காரர் பார்வையிட வருகிறாரோ, அவருக்கு முன்னால் கம்பி வண்டியேறி அந்த வீட்டுக்குப் போய்விடும். அவர் வந்து "பரவாயில்லையே, பாதுகாப்பெல்லாம் பலமா இருக்கே" என்று தலையாட்டிவிட்டுப் போனதும், கழற்றி ஓரமாகச் சாத்திவிடுவார்கள். கைக்கு இடைஞ்சல்.

அன்றைக்கு இரண்டு வீட்டுக்காரரும் வருகிறேன் என்றுவிட்டார்கள். கம்பி ஒரு வீட்டுக்குத்தான் போகமுடியும். போயிற்று. இன்னொரு வீட்டின் பால்கனி வெறும் ஓரத்தோடு நின்றது. சமாளி யோசித்தார். யோசனை வந்தபோது அவருக்கே தன்மேல் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"டைல்ஸ், நீ பால்கனி வாசல்படி பக்கத்துலேருந்து ஆரம்பி. வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும்போது வாசல் ஓரம் ஈரமா இருக்கணும். 'புதுசா ஒட்டியிருக்கு, மிதிக்காதீங்க'ன்னு சொல்லிடலாம். அவர் வெளிய வரவே மாட்டார். கம்பி இல்லாததும் தெரியாது."

தரையில் ஓடு ஒட்டுகிறவர்கள் ஒட்டியதை மிதிக்காமல் பின்னாலேயே நகர்ந்து வருவார்கள். அதனால் வெளி ஓரத்தில் தொடங்கி வாசலைப் பார்த்து வருவதுதான் வழக்கம். டைல்ஸ்காரருக்கு அது தெரியாதா? தலையைச் சொறிந்தார். "தலைகீழா இருக்கே சார்" என்றார். "இன்னிக்கு ஒரு நாள்தானே" என்றார் சமாளி. அவர் வாசலில் தொடங்கி, கோடு பிசகாமல், பின்னாலேயே வந்தார். ஒரு நேரம் இடுப்பு வலிக்கிறதென்று எழுந்து ஓர் எட்டு பின்னால் வைத்தார். அங்கே தரை இல்லை.

கீழே மண் சலித்துக்கொண்டிருந்த சித்தாள்தான் முதலில் ஓடிப்போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் வருவதற்குள் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் வந்து, வாசலில் நின்று, ஓடு அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

டைல்ஸ்காரரின் மனைவி மூச்சிரைக்க ஓடிவந்தாள். நர்ஸ் அவளைப் பார்த்து, "வீட்டு மாடியிலேருந்து விழுந்தவரோட மனைவியா?" என்று கேட்டார்.

"எந்த மாடி? எந்த வீடு?"

சமாளி அவளைத் தாழ்வாரத்துக்கு இழுக்காத குறையாக அழைத்துக்கொண்டு போனார்.

"இங்க பாரும்மா. சைட்ல விழுந்தார்னு சொன்னா வேலையை நிறுத்திடுவாங்க. நிறுத்திட்டா முதலாளி கையை விரிச்சுடுவார். எல்லாருக்கும் வேலை போயிடும். வீட்ல விழுந்தார்னு சொன்னா வைத்தியத்தை முழுக்க அவர் பார்த்துக்குவார். நான் பேசிட்டேன்."

பேசவில்லை. இனிமேல்தான் பேசவேண்டும்.

"எங்க வீடு ஒரு ரூம், சார். மேல தகரம். மழை பெய்ஞ்சா பாத்திரம் வைக்கணும். இதுல எங்கேருந்து விழறது? தகரத்து மேல ஏறி நின்னு என்ன பண்ணிட்டிருந்தார்னு சொல்றது?"

"யாரும் வந்து பார்க்கப்போறதில்லம்மா."

அவள் உள்ளே போய், கணவனின் நெற்றியில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலமே ஒருவர் வந்து பார்த்தார். தொழிலாளர் அலுவலகத்தின் பாதுகாப்பு ஆய்வாளர். உயரத்திலிருந்து விழுந்து யார் சேர்ந்தாலும் அவருக்குச் செய்தி போய்விடுமாம். ஒல்லியான, சாந்தமான மனிதர். அதட்டவில்லை. அதட்டாதவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

"டைல்ஸ் வேலை பார்க்கிறவர், லீவு நாள்ல, சொந்த வீட்டு மாடியிலேருந்து விழுந்தார். அப்படித்தானே?"

"ஆமா சார்."

"கொடுமை. அந்த மாடியைப் பார்த்தா நல்லது. நான் நாளைக்குப் பயிற்சிக்குப் போகணும். அடுத்த மாசம் வந்து வீட்டைப் பார்க்கிறேன்."

சமாளி நேரே முதலாளியிடம் ஓடினார்.

முதலாளியின் அலுவலகம் அவர் வீட்டு முன்னறை. ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, சுவரில் அவர் கட்டாத மாளிகைகளின் படங்கள். சமாளி சொல்லி முடிக்கும்வரை நாற்காலி சுழன்றுகொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"மாடின்னு சொல்லித் தொலைச்சியா?"

"டாக்டர் விடல சார்."

"மரம்னு சொல்லியிருக்கலாமே, மடையா. மரத்துலேருந்து விழுந்தான்னா எவன் வந்து பார்ப்பான்?"

இது சமாளிக்குத் தோன்றவே இல்லை. வீடு கட்டுகிறவரின் புத்தி வீட்டைத் தாண்டவில்லை.

"போய் மரம்னு மாத்திச் சொல்லட்டுமா சார்?"

"பாத்ரூம், கட்டில், மாடி, இப்ப மரமா? அஞ்சாவதா என்னை ஜெயிலுக்கு அனுப்பு." முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வேலை நின்னுச்சுன்னா ரெண்டு வீட்டுக்காரனும் என் கழுத்தைப் பிடிப்பான். நான் உன் கழுத்தைப் பிடிப்பேன். உன் வயசுக்கு உன்னை எவனும் வேலைக்கு வைக்கமாட்டான், தெரியும்ல?"

தெரியும். அது தெரிந்துதானே இத்தனை வருஷமும் சமாளித்துக்கொண்டிருக்கிறார்.

நாற்காலி மறுபடியும் மெதுவாகச் சுழலத் தொடங்கியது. "நாம என்ன தொழில்யா பண்றோம்?"

"வீடு கட்டறோம் சார்."

"அப்புறம் என்ன? கட்டு."

"எதை சார்?"

"அவன் விழுந்த மாடியை."

அப்படித்தான் கம்பெனி வரலாற்றிலேயே குறித்த நேரத்தில் முடிந்த ஒரே கட்டுமானம் ஆரம்பித்தது. பாதி கட்டின இரண்டு வீடுகளையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கொத்தனார்களும் சித்தாளும் கம்பி கட்டுகிறவர்களும் பெயிண்டரும் டைல்ஸ்காரரின் ஒற்றை அறை வீட்டுக்கு முன்னால் போய் இறங்கினார்கள். தகரத்தைக் கழற்றினார்கள். நான்கு மூலையிலும் தூண் எழுந்தது. தளம் போட்டார்கள். மேலே ஓர் அறை, முன்னால் ஒரு சின்ன பால்கனி, வெளிப்பக்கமாக ஒரு படிக்கட்டு.

"பால்கனி எதுக்கு சார்?" என்று கேட்டார் பெயிண்டர்.

"அங்கேருந்துதானே விழுந்தார்."

"ஓகோ. அப்ப அது இல்லாம முடியாது."

பிரச்சினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. டைல்ஸ்காரரின் மனைவி முதல் வாரம் அழுதுகொண்டு ஓரமாக நின்றாள். இரண்டாம் வாரம் ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் படிக்கட்டை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"சார், ஜன்னல் சின்னதா இருக்கு."

"என்னம்மா?"

"காத்து வராது. பெருசா வைங்க."

"இது ஆபீசருக்குக் காட்டறதுக்கும்மா. குடியிருக்கறதுக்கு இல்ல."

"ஆபீசர் என்னைக் கேப்பார்ல? நான்தானே பதில் சொல்லணும்? காத்து வராத ரூம்ல மூச்சுத் திணறி எனக்கு எதையாவது உளறிடத் தோணும்."

ஜன்னல் பெரிதாயிற்று.

அடுத்து அலமாரி. அடுத்து, கீழே நல்ல குளியலறை. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்தார்னு முதல்ல நீங்கதானே சொன்னீங்க? எங்களுக்கு பாத்ரூமே இல்லயே. அதையும் கேட்டா?" சமாளி முதலாளியிடம் போய் நின்றார். முதலாளி கெட்ட வார்த்தையாகத் திட்டிவிட்டு, "கட்டித் தொலை" என்றார். 

கம்பெனிக்குப் பணம் கொடுத்து வீடு கட்டுகிறவர்கள் எவருக்கும் இப்படிக் கேட்டது கிடைத்ததில்லை. கொத்தனார்கள் மதியச் சாப்பாட்டின்போது அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள். சமாளி பக்கத்தில் வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அப்புறம் தடுப்புக் கம்பி விவகாரம். அது முதலாளியையே நேரில் வரவழைத்துவிட்டது.

"பால்கனிக்குக் கம்பி வைங்க சார். குழந்தைங்க ஏறுவாங்க" என்றாள் அவள்.

"கம்பி வைச்சா உன் புருஷன் எப்படிம்மா விழுவான்?" என்றார் முதலாளி. "கம்பி இருந்துச்சுன்னா அவன் விழலன்னு ஆயிடும். அவன் விழுந்தாகணும். புரியுதா?"

"ஒரு பக்கம் மட்டும் வைப்போமா?" என்றார் சமாளி.

"குழந்தைங்க அந்தப் பக்கம் மட்டும் விளையாடுமா சார்?"

"அம்மா, விழும்போது கம்பி இல்ல. அதான் கதை."

"சரி, விழும்போது இல்ல. விழுந்த பிறகு வைச்சோம்னு சொல்லிக்கறேன். ஒரு ஆள் விழுந்த பிறகும் கம்பி வைக்காம இருக்க, நாங்க என்ன கம்பெனியா?"

பெயிண்டர் பெயிண்ட் டப்பாவுக்குள் தலையைவிட்டு எதையோ கலக்க ஆரம்பித்தார். கம்பெனியில் இருந்த அந்த ஒரே செட் கம்பி வண்டியேறி வந்து பால்கனியில் சிமெண்டோடு ஊன்றி நின்றது. இனிமேல் அது எந்த வீட்டுக்கும் போகாது.

அவள் அதோடும் விடவில்லை. மேலறையின் வெளிச்சுவரைப் பூச ஒரு கொத்தனார் சாரத்தில் ஏறியபோது கீழே நின்று கத்தினாள். "இறங்குங்க அண்ணே! முதல்ல இறங்குங்க! இடுப்புல ஒண்ணும் இல்லாம என் வீட்டு மேல ஏறாதீங்க. என் வீட்ல எவனும் விழக் கூடாது. இன்னொரு பொம்பளை ஆஸ்பத்திரி வாசல்ல என்னை மாதிரி ஓடிவரக் கூடாது."

முதலாளி இந்தத் தடவை வாதாடவில்லை. இந்த வீட்டில் இன்னொருவன் விழுந்தால் அவன் விழுந்ததாகச் சொல்ல இன்னொரு மாடி கட்டவேண்டியிருக்கும் என்ற கணக்கு அவருக்கே புரிந்துவிட்டது. ஆளுக்கொரு பெல்ட் வந்தது. தோளிலும் தொடையிலும் வார் போட்டு, முதுகில் கயிறு கோத்து மேலே மாட்டிக்கொள்கிற நல்ல பெல்ட். கீழே வலை கட்டினார்கள். கொத்தனார்கள் பெல்ட்டோடு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வீட்டுச் சுவரில் கால் நுனியில் நின்றவர்களுக்கு, ஒரு டைல்ஸ்காரரின் வீட்டில்தான் முதன்முதலாக ஆளைப் பிடிக்கக் கயிறு இருந்தது.

கட்டி முடித்தபின் அதைப் பழசாக்கவேண்டும். புது மாடியைப் பார்த்தால் ஆய்வாளருக்குத் தெரிந்துவிடும். பெயிண்டர் சாயத்தைத் தண்ணீராகக் கரைத்து, மழை வழிந்த கறை, கை பட்ட அழுக்கு, குழந்தை கிறுக்கிய கோடு என்று ஒவ்வொன்றாகச் சுவரில் ஏற்றினார்.

"இத்தனை காலம் விரிசலை மறைச்சுத்தான் சம்பாதிச்சேன் சார். இப்பதான் விரிசலை வரையறேன். மனசுக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?"

"சீக்கிரம் வரைய்யா."

இதற்கு நடுவில் டைல்ஸ்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டு காலிலும் கட்டு. கீழ் அறையில் கட்டிலைப் போட்டு, வாசல் தெரியும்படி படுக்க வைத்தார்கள். மருத்துவர் சொன்னதை மனைவிதான் சமாளியிடம் சொன்னாள், குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல். "தடியை ஊன்றி நடப்பாராம். படி ஏறுறது மட்டும் இனிமே முடியாதாம்."

சமாளி அந்தப் படிக்கட்டைப் பார்த்தார். அகலமாக, ஒரே அளவாக, அவரே நின்று போடவைத்த படிகள். சமாளிச்சுடலாம் என்ற வார்த்தை வாயில் வரவில்லை.

ஆய்வாளர் சொன்னபடி வந்தார். மேலே ஏறினார், சுவரைத் தொட்டுப் பார்த்தார், பால்கனிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். அது அசையவில்லை. கீழே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதலாளியும் சமாளியும் வாசலில் கைகட்டி நின்றார்கள்.

"விழும்போது மேல என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

டைல்ஸ்காரர் நல்ல மனிதர். பொய் பழக்கமில்லை. கேட்டதும் மனதில் இருந்தது வாயில் வந்துவிட்டது. "ஓடு ஒட்டிட்டிருந்தேன் சார். ஒட்டிக்கிட்டே பின்னால வந்தேன்."

முதலாளி கதவைப் பிடித்துக்கொண்டார். 

ஆய்வாளர் நிதானமாக மேலே பார்த்தார். "மேல ஓடே இல்லயே. வெறும் சிமெண்ட் தரைதானே இருக்கு?"

டைல்ஸ்காரரின் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஆரம்பிச்சார் சார். ஊர்ல எல்லார் வீட்டுக்கும் ஒட்டறோமே, நம்ம வீட்டுக்கும் ஒட்டுவோம்னு அன்னிக்குத்தான் லீவு போட்டு ஆரம்பிச்சார். அதுக்குள்ள விழுந்துட்டார். அப்புறம்தான் அந்தக் கம்பியே வந்துச்சு. ஒட்டின ரெண்டு மூணையும் நான்தான் பேர்த்துத் தூக்கிப் போட்டேன். பார்க்கப் பார்க்க வயிறு எரியாதா சார்?"

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவள் நிஜமாகவே அழுதாள். அந்த அழுகையில் மட்டும் பொய் இல்லை.

ஆய்வாளர் எழுந்தார். முதலாளியின் பக்கம் திரும்பியபோது அவர் கண்ணும் கொஞ்சம் கலங்கியிருந்தது. "கம்பி யார் வைச்சுக் கொடுத்தது?"

"எங்க கம்பெனிதான் சார்" என்றார் முதலாளி. அந்த நேரத்தில் அவர் சொன்ன ஒரே உண்மை அது.

"வீட்ல விழுந்தவருக்கே இவ்வளவு பார்க்கிறீங்க. வேலை இடத்துல எப்படிப் பார்ப்பீங்கன்னு நான் வந்து பார்க்கவே வேண்டாம். அந்தத் தரைக்கு டைல்ஸையும் நீங்களே ஒட்டிக் கொடுத்துடுங்களேன், பாவம்."

"நாளைக்கே ஒட்டிடறேன் சார்."

மறுநாளே ஒட்டினார்கள். வெளி ஓரத்தில் தொடங்கி வாசலைப் பார்த்து வந்து முடித்தார்கள்.

முதலாளி சமாளியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். "எமகாதகன்யா நீ. அந்த பெல்ட்டு, வலை எல்லாத்தையும் மூட்டை கட்டிக் குடோன்ல போடு. திங்கக்கிழமைலேருந்து அந்த ரெண்டு வீட்டையும் வேகமா முடிக்கணும்."

சமாளி பெல்ட்டுகளை எடுத்துக்கொண்டு போவதற்கு முன் டைல்ஸ்காரரைப் பார்க்க உள்ளே போனார். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேலேதான் அந்த அறை.

"மேல எப்படி இருக்கு சார்?"

"நல்லா இருக்குப்பா."

"காத்து வருதா?"

"ஜம்முனு வருது."

"ஓட்டுல கோடு நேரா வந்திருக்கா? மூலையில வெட்டு சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

"வாசல்லேருந்து ஆரம்பிக்கலயே?"

"இல்லப்பா."

டைல்ஸ்காரர் தலையாட்டினார். கோபமே இல்லாமல் ஆட்டினார். ஓங்கி அறைந்திருந்தால்கூடத் தேவலை. சமாளி வெளியே வந்து படிக்கட்டின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒரு மனிதரின் காலை உடைத்துவிட்டு அவருக்கு மாடி கட்டிக் கொடுத்திருக்கிறோம், அதை ஊரே மெச்சுகிறது என்று நினைக்க நினைக்க அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பெல்ட்டுகள் குடோனுக்குப் போகவில்லை. முதலாளி கேட்டபோது சமாளி முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"பெல்ட் போடாம இனிமே ஒருத்தரும் ஏறமாட்டாங்க சார். ஓரத்துக்குக் கம்பி வர்ற வரைக்கும் பால்கனி வேலை கிடையாது. வேகம் குறையும். வீட்டுக்காரங்க கத்துவாங்க. கத்தட்டும்."

"என்னய்யா, தலைக்கு ஏறிடுச்சா? வேலையை விட்டுத் தூக்கிடுவேன்."

"தூக்குங்க. நேரா அந்த ஆபீசர்கிட்ட போய் எந்த மாடின்னு சொல்லிடறேன். இதை மட்டும் என்னால சமாளிக்க முடியாது சார்."

முதலாளி நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தமாக இருந்தாலும், சம்மதம் என்றே சமாளி எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே சமாளி சைட்டுக்கு வந்துவிட்டார். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, டிபன் பாத்திரத்தை நிழலில் வைத்துவிட்டு, வழக்கம்போலச் சாரத்துக்குப் பக்கத்தில் கூடினார்கள். சமாளி பெல்ட்டுகளை ஒரு பலகையில் பரப்பி வைத்திருந்தார். ராத்திரி துவைத்து, வார்களைத் துடைத்து, கொக்கிகளுக்கு எண்ணெய்கூடப் போட்டிருந்தார்.

"எல்லாரும் கேளுங்க. இது என் தப்பு. டைல்ஸ் விழுந்தது என்னாலதான். இனிமே நம்ம வேலையில ஒருத்தர்கூட விழக் கூடாது. ஆளுக்கொண்ணு எடுத்து மாட்டிக்கங்க."

இத்தனை வருஷத்தில் இவர்கள் முன்னால் வாயைத் திறந்து உருப்படியாக ஒன்று சொல்லிவிட்ட நிம்மதி. யாராவது கைதட்டினால்கூட ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்.

யாரும் கை நீட்டவில்லை.

கொத்தனார்கள் தரையைப் பார்த்தார்கள். கம்பி கட்டுகிறவர் பல்லைக் குத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். பெயிண்டருக்குக்கூட ஒரு நக்கல் வரவில்லை.

"என்னய்யா, அளவு சரியில்லையா? அந்த வீட்ல மட்டும் போட்டீங்களே?"

சமாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "உயிர்ய்யா! உங்க உயிருக்குச் சொல்றேன். டைல்ஸ் வீட்டுக்குப் போய் பார்த்தீங்கல்ல? அவன் நிலைமையைப் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தோம் சார்" என்றார் ஒரு கொத்தனார், மெதுவாக.

சமாளி ஒரு பெல்ட்டை எடுத்து, கையில் அகப்பட்ட முதல் ஆளிடம் நீட்டினார். அது சித்தாள். டைல்ஸ்காரரின் தலையை அன்றைக்கு மடியில் தாங்கியவள். இத்தனை நாளும் அந்த மாடிக்குச் செங்கல் சுமந்தவள், ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் பெல்ட்டை வாங்கினாள். வாரைத் தடவிப் பார்த்தாள். பிறகு அதைச் சுருட்டி, பணிவாகப் பலகையிலேயே திரும்ப வைத்தாள்.

"இதை மாட்டிக்கிட்டு ஒருத்தரும் விழலன்னா, எங்களுக்கெல்லாம் எப்ப சார் வீடு கட்டித் தருவீங்க?"